கையேட்டை அளக்கும் முன் கேஜை அளக்கணும்

ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் ஒரு மொபைல் ஆப் கட்டச் சொல்லும்போது கூடவே ஒரு கையேட்டையும் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், ஸ்கிரீனை எப்படிப் பிரிக்கணும், டேட்டாபேஸை எப்படித் தொடணும், எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். சிலர் இதை ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்ற ஒரே கோப்பில் வைக்கிறார்கள். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ஸ்கில்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு, வேலைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைப்பதும் பரவிவிட்டது.

கையேடுகள் இப்படிப் பெருகுவது சரி. ஆனால் இதில் எது நல்ல கையேடு என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலும் நடப்பது இதுதான்: கோப்பைத் திறந்து படிக்கிறோம், தெளிவாக இருக்கிறது, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறோம், ஆப் வந்துவிடுகிறது, "சூப்பர்" என்று சொல்லி டீமுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த முறையில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. மனுஷனுக்குத் தெளிவாக இருப்பதால் ஏஜென்ட்டின் வேலை மேம்படும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரு தடவை ஓட்டியதில் வந்த ஆப், கையேடே இல்லாமல் இருந்தாலும் வந்திருக்கலாம்.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. இந்தப் பிரச்சினைக்கான தீர்வை ஒரகடம் ஷாப் ஃப்ளோரில் ரொம்ப நாளாகவே கையில் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம்

கார் கம்பெனிக்குப் பார்ட் சப்ளை செய்யும் ஒரு சின்ன தொழிற்சாலை. மணிக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் ஒரு பார்ட்டை எடுத்து துளையின் விட்டத்தை அளந்து, ஓகே அல்லது ரிஜெக்ட் என்று பதிவு செய்யணும். இதுவரை பேப்பரில் எழுதியதை இனி போனில் பண்ணலாம் என்று முதலாளி நினைக்கிறார். வெளியில் ஆப் எழுதக் கொடுத்தால் கட்டுப்படி ஆகாது. மெயின்டனன்ஸில் இருக்கும் ஒரு டிப்ளமோ பையன் ஏஜென்ட்டை வைத்து ஒரு வாரத்தில் கட்டிவிடுகிறான். இணையத்தில் கிடைத்த ஒரு ஆண்ட்ராய்டு கையேட்டையும் சேர்த்துக்கொண்டான்.

இங்கே ஆப் சொதப்பினால் நட்டம் யாருக்கு? நைட் ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் போட்ட பதிவு காணாமல் போனால், அந்த பார்ட் லாரியில் ஏறிவிடும். அது பிரேக் சம்பந்தப்பட்ட பார்ட்டாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். கஸ்டமர் ஆடிட்டில் "இந்த மணிக்கு ரீடிங் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியது அந்த இன்ஸ்பெக்டர்தான். கையேடு எழுதியவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் கையேட்டை மதிப்பிடுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்கிறேன்.

ஒரகடம் கேஜ் ரூமில் நடப்பது

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகனப் பார்ட் செய்யும் இடங்களில் குவாலிட்டி ஆட்களிடம் பேசிப் பாருங்கள். எம்.எஸ்.ஏ. என்ற வார்த்தை வந்துவிடும். மெஷர்மென்ட் சிஸ்டம் அனாலிசிஸ் என்பதன் சுருக்கம். பார்ட் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், பார்க்கிற கருவியும் ஆளும் நம்பகமானவர்களா என்று சோதிப்பது. அதில் முக்கியமான ஒன்று கேஜ் ஆர் அண்ட் ஆர்.

வழக்கமான முறை இது. 10 பார்ட், 3 ஆள், ஆளுக்கு ஒரு பார்ட்டை 3 தடவை அளக்கணும். மொத்தம் 90 ரீடிங். எந்த பார்ட் என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது, வரிசையும் மாறி மாறி வரணும். கடைசியில் ரீடிங்குகளில் இருக்கும் மாறுபாட்டைப் பிரிப்பார்கள்: பார்ட்டுகள் உண்மையிலேயே வேறுபடுவதால் வந்தது எவ்வளவு, கருவியும் கையும் சேர்ந்து உண்டாக்கியது எவ்வளவு என்று. கருவி, கை இரண்டின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10 முதல் 30 வரை என்றால் வேலையைப் பொறுத்து ஏற்றுக்கொள்ளலாம். 30-ஐத் தாண்டினால் அந்த அளவை முறையை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இதை ஏஜென்ட் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரே மாடல், ஒரே கையேடு, ஒரே வேலை. ஐந்து தடவை ஓட்டினால் ஐந்து விதமான ஆப் வரும். மூன்று சரியாக ஓடும், இரண்டு ஓடாது. இந்த ஆட்டம் எவ்வளவு என்று தெரியாமல் "என் கையேடு உன் கையேட்டைவிட நல்லது" என்று சொல்வது, ஆடுகிற வெர்னியரை வைத்து மைக்ரான் பேசுவது மாதிரி.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலையை ஏஜென்ட் சரியாக முடிக்க 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஐந்து தடவை ஓட்டினால் நான்கு அல்லது ஐந்து தடவை ஜெயிக்க 34 சதவீத வாய்ப்பு. இரண்டோ அதற்குக் குறைவாகவோ ஜெயிக்க 32 சதவீத வாய்ப்பு. அதாவது எதையுமே மாற்றாமல், திங்கட்கிழமை ஐந்துக்கு நாலும் செவ்வாய்க்கிழமை ஐந்துக்கு இரண்டும் வருவது சர்வ சாதாரணம். நடுவில் நீங்கள் கையேட்டில் ஒரு வரி சேர்த்திருந்தால், பழி அந்த வரி மேல் விழும். பாவம், அது என்ன செய்யும்?

அப்படியானால் 60 சதவீதத்தை 80 ஆக்கிய ஒரு கையேட்டை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க எத்தனை ஓட்டம் வேண்டும்? புள்ளியியலில் வழக்கமாக வைக்கும் அளவுகோல்படி, கையேட்டோடு சுமார் 80, கையேடு இல்லாமல் சுமார் 80. மாத பட்ஜெட் போட்டு வாழ்கிற ஆளுக்கு இது கட்டுப்படி ஆகாது. ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் கீழே வருகிறேன்.

முதலில் கையேடு இல்லாத ஓட்டம்

ஒரு கையேட்டின் மதிப்பு என்பது கையேட்டோடு வந்த முடிவுக்கும், இல்லாமல் வந்த முடிவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே கையேடு இல்லாமல் ஓட்டிப் பார்க்காத எந்தப் பாராட்டுக்கும் அர்த்தமில்லை.

வித்தியாசம் கையேட்டால்தான் வந்தது என்று சொல்லணும்னா மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கணும். மாடலின் வெர்ஷன், ஆரம்பக் கோடு, எமுலேட்டர், கிரேடில் வெர்ஷன், கொடுக்கும் நேரம், இணையம் உண்டா இல்லையா என்பது வரை. ஒவ்வொரு ஓட்டமும் புதிய ஃபோல்டரில் ஆரம்பிக்கணும். போன ஓட்டத்தின் மிச்சக் கோடோ, ஏஜென்ட் தனக்கென்று எழுதி வைத்த குறிப்போ கிடந்தால், இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தின் விடைத்தாளைப் பார்த்து எழுதிய மாதிரி ஆகிவிடும்.

கூடவே மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கணும்.

ஒன்று, ஏஜென்ட் கையேட்டைத் திறந்ததா? ஸ்கில்ஸ் முறையில் ஒவ்வொரு ஸ்கில்லின் பெயரும் ஒரு சின்ன விளக்கமும்தான் முதலில் மாடலின் கண்ணில் படும். தேவை என்று அதற்குத் தோன்றினால்தான் உள்ளே இருப்பதைப் படிக்கும். விளக்கம் மொட்டையாக இருந்தால், உள்ளே என்ன பொக்கிஷம் இருந்தாலும் அது திறக்கப்படாமலே கிடக்கும். லாக்கைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டு, திறந்தது சரி, சொன்னபடி செய்ததா? பத்து விதியில் எட்டைப் பின்பற்றி இரண்டை விட்டிருக்கலாம். எந்த இரண்டு என்று பார்க்கணும். கோப்பு நீள நீள, நடுவில் இருக்கும் விதிகள் தவறிப்போவதைக் கவனித்துப் பார்க்கலாம்.

மூன்று, சொன்னபடி செய்தது சரி, அதனால் ஆப் நன்றாக வந்ததா? இதுதான் முக்கியமான கேள்வி. முதல் இரண்டையும் தாண்டாமல் இங்கே வந்தால், ஆப் சொதப்பும்போது கோளாறு எங்கே என்று பிடிக்க முடியாது.

பில்ட் ஆனால் போதுமா?

ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அரசு நிறுவனம். வாகனச் சோதனையின் அடிப்படை எளிமையானது. பாரத் என்.சி.ஏ.பி. முன்பக்க மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதும். உள்ளே இருக்கும் டம்மியின் சென்சார் காட்டுவதுதான் மார்க்குக்கு ஆதாரம். டிசைன் டாக்குமென்ட் எவ்வளவு அழகாக இருந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆப்புக்கும் அதே கதைதான். "பில்ட் சக்சஸ்ஃபுல்" என்று வருவது கார் ஷெட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது என்பதற்குச் சமம். மோதிப் பார்க்கவேண்டியது இனிமேல்தான். நம் இன்ஸ்பெக்‌ஷன் ஆப்புக்கு நான் வைக்கும் சோதனைகள் ஐந்து.

முதலாவது, பழைய பதிவுகள் தப்புமா? ரூம் டேட்டாபேஸில் ஒரு காலம் சேர்த்தால் பழைய டேபிளைப் புதியதாக மாற்ற மைக்ரேஷன் எழுதணும். எழுதாவிட்டால் ஆப் கிராஷ் ஆகும். அந்த எரரைப் பார்க்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு குறுக்குவழி தெரியும்: ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் என்ற ஒரு வரி. அதைப் போட்டால் எரர் போய்விடும். கூடவே டேபிள்களில் இருந்த எல்லாப் பதிவும் போய்விடும். புதிதாக இன்ஸ்டால் செய்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பழைய வெர்ஷனில் 20 பதிவு போட்டு, மேலேயே புதிய வெர்ஷனை ஏற்றி, எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, நெட்வொர்க் இல்லாதபோது என்ன ஆகிறது? தகரக் கூரை ஷெட்டுக்குள் சிக்னல் வரும், போகும். ஏரோபிளேன் மோடில் போட்டு மூன்று பதிவு செய்து, நெட்வொர்க்கை மறுபடி கொடுத்து, சர்வரில் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருக்கக் கூடாது, நான்கும் இருக்கக் கூடாது.

மூன்றாவது, பாதியில் ஆப் கொல்லப்பட்டால்? ரேம் குறைந்த போனில் ஒரு கால் வந்தாலே பின்னால் இருக்கும் ஆப்பைச் சிஸ்டம் மூடிவிடலாம். பாதி நிரப்பிய படிவம் திரும்பி வரும்போது இருக்கணும்.

நான்காவது, பெர்மிஷன் மறுத்தால்? ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷன் காட்டவே பயனரிடம் அனுமதி கேட்கணும். மறுத்தால் ஆப் அமைதியாக இருந்துவிடும். "அடுத்த ரீடிங் நேரம்" என்ற அலாரம் வரவே வராது, எரரும் வராது.

ஐந்தாவது, தமிழ் எழுத்து முழுசாகத் தெரிகிறதா? ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்குள் அடங்கும் பட்டன் தமிழில் "நிராகரிக்கப்பட்டது" என்று நீளும். ஆண்ட்ராய்டு 14-ல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். கண்ணாடி போட்ட ஐம்பது வயது இன்ஸ்பெக்டர் அதைத்தான் செய்வார். அப்போது ஓகே பட்டனும் ரிஜெக்ட் பட்டனும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும்?

இந்தச் சோதனைகளை ஏஜென்ட்டின் கண்ணில் காட்டக் கூடாது. காட்டினால் சோதனைக்கு மட்டும் வேலை செய்யும் ஆப் வரும். புரொடக்‌ஷன் ஆளே தன் பார்ட்டை இன்ஸ்பெக்ட் செய்து கையெழுத்து போட்டால் எப்படியோ, அப்படி.

கூர்மையான கேள்விக்குக் குறைந்த ஓட்டம் போதும்

முன்னால் 80 ஓட்டம் என்று பயமுறுத்தினேன் இல்லையா, அதற்கு வழி இங்கேதான் இருக்கிறது. "ஆப் மொத்தத்தில் நல்லா இருக்கா?" என்ற கேள்வி மொட்டையானது. வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும், நிறைய ஓட்டம் கேட்கும். "பதிவுகள் தப்பினவா?" என்பது கூர்மையானது.

கையேட்டில் "ரூமில் டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் கூடாது; ஒவ்வொரு மாற்றத்துக்கும் மைக்ரேஷனும் அதற்கு டெஸ்ட்டும் எழுது" என்று ஒரு வரி இருக்கிறது. இந்த வரியை எடுத்துவிட்டு 5 ஓட்டம், வைத்து 5 ஓட்டம். வரி இருந்த ஐந்திலும் பதிவுகள் தப்பி, இல்லாத ஐந்திலும் போய்விட்டன என்று வையுங்கள். வரியால் எந்தப் பயனும் இல்லையென்றால், ஜெயித்த அந்த ஐந்தும் சரியாக வரி இருந்த பக்கமே விழ வாய்ப்பு 252-ல் ஒன்று. பத்தே ஓட்டத்தில் நம்பலாம்.

மாறாக, வரி இல்லாமலே ஐந்துக்கு ஐந்தும் சரியாக வந்தால், மாடலுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று கணிக்கலாம். அந்த வரி வெறும் எடை. எடை என்றால் நிஜமாகவே எடைதான்: ஏஜென்ட் படிக்கும் ஒவ்வொரு டோக்கனுக்கும் காசு உண்டு, தேவையில்லாத வரி தேவையான வரியிலிருந்து கவனத்தையும் பிரிக்கும்.

ஆகவே கையேட்டை மொத்தமாக மதிப்பிடுவதைவிட வரி வரியாக மதிப்பிடுவது மலிவு, பயனும் அதிகம். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் "இது எந்தத் தோல்வியைத் தடுக்கிறது?" என்று எழுத முடியணும். எழுத முடியாத விதிகள், "சுத்தமான கோடு எழுது", "நல்ல ஆர்க்கிடெக்சரைப் பின்பற்று" மாதிரியானவை, சோதிக்கவும் முடியாதவை. முதலில் வெட்டவேண்டியவை அவைதான்.

நீதிபதிக்கும் ஆர் அண்ட் ஆர் உண்டு

எல்லாவற்றையும் டெஸ்ட்டால் பிடிக்க முடியாது. ஸ்கிரீன் பார்க்க எப்படி இருக்கிறது, கோடு படிக்கும்படி இருக்கிறதா என்பதற்கு இன்னொரு மாடலையே நீதிபதியாக வைக்கிறார்கள். வைக்கலாம். ஆனால் அதுவும் ஒரு கேஜ்தான். ஒரே ஆப்பை இரண்டு தடவை கொடுத்தால் ஒரே மார்க் போடுகிறதா? இரண்டு ஆப்பை ஒப்பிடும்போது வரிசையை மாற்றிக் கொடுத்தால் தீர்ப்பு மாறுகிறதா? எது கையேட்டோடு வந்தது என்பதை அதனிடம் மறைத்தோமா? இரண்டு மனிதர்கள் தனித்தனியாகப் போட்ட மார்க்கோடு ஒத்துப்போகிறதா? இதைப் பார்க்காமல் அதன் மார்க்கை அட்டவணையில் ஏற்றக் கூடாது.

டெஸ்ட்டுகளும் இதற்கு விலக்கில்லை. ஏஜென்ட்டுகளை அளக்க 2023-ல் வந்த எஸ்.டபிள்யூ.ஈ. பெஞ்ச், 12 பைதான் ப்ராஜெக்ட்டுகளிலிருந்து 2,294 பிரச்சினைகளை எடுத்தது. உலகமே அதை வைத்து மாடல்களை ஒப்பிட்டது. 2024-ல் அதில் 1,699-ஐ 93 டெவலப்பர்கள் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். கேள்வி தெளிவில்லாதவை, சரியான விடையையும் தப்பென்று சொல்லும் டெஸ்ட்டுகள் என்று நிறைய சிக்கின. கடைசியில் 500-ஐத் தேர்ந்தெடுத்துத் தனித் தொகுப்பாக வெளியிட்டார்கள். அவ்வளவு பேர் பயன்படுத்திய கேஜுக்கே காலிபிரேஷன் தேவைப்பட்டது.

ரிவிஷன் நம்பரும் தேதியும்

தொழிற்சாலையில் மெஷின் பக்கத்தில் தொங்கும் வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்டில் ரிவிஷன் நம்பரும் தேதியும் இருக்கணும். பழைய ரிவிஷன் லைனில் தொங்கினால் ஆடிட்டில் அது ஒரு குறை. காரணம், அதைப் பார்த்து வேலை செய்கிறவர் அதை நம்புகிறார்.

ஏஜென்ட் இன்னும் அதிகமாக நம்பும். 2024 மே மாதம் கோட்லின் 2.0 வந்தபோது கம்போஸ் கம்பைலரைச் சேர்க்கும் முறையே மாறியது. பழைய முறையைச் சொல்லும் கையேடு, சரியாகத் தெரிந்த மாடலையும் தப்பான வழிக்கு இழுக்கும். 2025 ஆகஸ்ட் 31 முதல் கூகுள் பிளேயில் புதிய ஆப்பும் அப்டேட்டும் ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைக்கணும். "டார்கெட் எஸ்.டி.கே. 34" என்று எழுதிய கையேட்டை அச்சு பிசகாமல் பின்பற்றிய ஆப் பிளே ஸ்டோர் வாசலிலேயே நின்றுவிடும். இலக்கை 35 ஆக்கினாலும், ஆண்ட்ராய்டு 15 போனில் ஆப் திரையின் ஓரம்வரை பரவும். அதைக் கவனிக்காத ஸ்கிரீனில் கீழே இருக்கும் சேவ் பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

எனவே கையேட்டுக்கும் ஒரு தேதி, எந்த மாடலோடு எந்த வெர்ஷன்களில் சோதித்தது என்ற குறிப்பு, அடுத்து எப்போது மறுபடி சோதிக்கணும் என்ற கெடு, மூன்றும் தலையில் இருக்கணும். மாடல் மாறினால் எல்லா வரிக்கும் மறுசோதனை. நேற்று உயிர்காத்த வரி இன்றைக்கு எடையாக மாறியிருக்கலாம்.

தனி ஆளால் முடிகிற அளவு

இதற்கு லேப் தேவையில்லை. உங்கள் ஆப்பில் நடந்தால் யாராவது பாதிக்கப்படும் தோல்விகள் ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் போனில் ஓட்டக்கூடிய ஒரு சோதனை. கையேடு இல்லாமல் ஐந்து ஓட்டம், கையேட்டோடு ஐந்து ஓட்டம், எல்லா முடிவையும் ஒரு ஷீட்டில். தோற்ற ஓட்டங்களையும் அழிக்காமல் வைக்கணும். ஒரு சனி ஞாயிறு போதும்.

அதற்குப் பிறகு அந்த டிப்ளமோ பையனிடம் கையேட்டைக் கொடுக்கும்போது "நல்லா இருக்கு, எடுத்துக்கோ தம்பி" என்பதோடு நிறுத்தவேண்டியதில்லை. "இந்த வரி இருந்தால் பழைய ரீடிங் அழியாது, ஐந்துக்கு ஐந்து, இந்த வரியால் ஒரு வித்தியாசமும் தெரியலை, எடுத்துட்டேன், எழுத்து பெரிதாக்கினால் பட்டன் ஏறுவதை இந்தக் கையேடு இன்னும் தடுக்கலை, அதை நீயே கையால் பார்த்துடு" என்று சொல்ல முடியும். மூன்றாவது வாக்கியம்தான் நைட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு ரொம்ப உதவும்.